சாப்பிட்டீர்களா என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தவர்

தேக்கா சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தபோது விஜி அக்காவின் கணவர் சேகர் அண்ணன் போனில் கூப்பிட்டார். "வாசுகி, விஜி போய்ட்டாம்மா. காலையில பாத்ரூம்ல விழுந்துட்டா. ஆம்புலன்ஸ்லயே முடிஞ்சிருச்சு." மீனை வாங்காமலே டாக்சி பிடித்தேன். தெம்பனிஸில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கைப்பேசியில் அஞ்சலிகள் குவிந்துவிட்டன. "ஆத்மா சாந்தியடையட்டும்" என்று எழுதியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உயிரோடு இருந்தபோது விஜி அக்காவை ஒரு நாளாவது நிம்மதியாக விட்டார்களா இவர்கள்? நான் வேறு மாதிரி வேண்டிக்கொண்டேன். அவர் ஆத்மா சாந்தியடைய வேண்டாம். இவர்கள் வீட்டு வாசலிலேயே சுற்றிக்கொண்டிருக்கட்டும்.

பதினாறாம் நாளுக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு நான் யாரென்று தெரியாது. அக்காவின் மகள் தாமரை ஆட்டிசம் உள்ள பெண். பள்ளிப் பேருந்தைப் பார்த்தாலே சத்தத்துக்குப் பயந்து தன் கையைக் கடித்துக்கொள்வாள். அக்கா கல்வி அமைச்சில் அனுமதி வாங்கி அவளை வீட்டிலேயே படிக்க வைத்தார். பேச்சுப் பயிற்சிக்கு மட்டும் வெளியே அழைத்து வருவார். என் மகனும் வீட்டில் படிக்கிறவன்தான். அவனுக்கும் அதே நேரத்தில்தான் பயிற்சி. உள்ளே பிள்ளைகள் பேசப் பழக, வெளியே நாற்காலியில் நாங்கள் ஊர் வம்பு பேசிப் பழகினோம்.

சேகர் அண்ணனின் அக்கா வீட்டுக் கல்யாணம் அப்போதுதான் வந்தது. தாமரையின் சொந்த அத்தை, பத்திரிகையைக் கையில் கொடுத்துச் சொன்னாராம்: "கண்டிப்பா வந்துடுங்க. பிள்ளைய மட்டும் யார்ட்டயாவது விட்டுட்டு வாங்க. வீடியோ எடுக்கிறாங்கல்ல." விஜி அக்கா இதைச் சொல்லிவிட்டு அழுவார் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து முறுக்கை எடுத்துக் கடித்தார். "நான் மன்னிக்கிற ஆள் இல்ல வாசுகி. மறக்கிற ஆளும் இல்ல. ஆனா சும்மா திட்டிட்டு வந்தா என் பிள்ளைக்கு அதுல என்ன பிரயோஜனம்?"

பிரயோஜனம் அடுத்த வாரமே கிடைத்தது. பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு வீட்டுப்பாடம் சொன்னார். தாமரை ஒருவரிடம் போய் ஒரு கேள்வி கேட்க வேண்டும், பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும், அவர் திருப்பிக் கேட்டால் தானும் பதில் சொல்ல வேண்டும். நாங்களெல்லாம் அன்பான மாமா, சித்தி என்று ஆள் தேடினோம். விஜி அக்கா தாமரையை நேரே அந்த அத்தை வீட்டுக்கு அழைத்துப் போனார். ஏன் என்று கேட்டேன். "நல்லவங்க ஒடனே பதில் சொல்லிடுவாங்கல்ல. அப்புறம் இவ காத்திருக்க எங்க பழகுறது?"

வாராவாரம் போனார்கள். கதவு திறந்ததும் தாமரை கேட்பாள்: "அத்தை, சாப்ட்டீங்களா?" அத்தை "ம்" என்பார். "ம்" பதில் இல்லை என்பது தாமரைக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். நகராமல் நிற்பாள், மறுபடி கேட்பாள். கடைசியில் அந்த அம்மாளே, "சாப்ட்டேன், நீ சாப்ட்டியா?" என்று முழுதாகச் சொல்லக் கற்றுக்கொண்டார். "ரெண்டு பேருக்கும் சேர்த்துல்ல பாடம் எடுக்கிறேன்" என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தபோது எனக்கு வயிறு குளிர்ந்தது.

முன்வரிசையில் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருக்கிறார். பொங்கல் விழா மேடையில் ஒரு வணக்கம் சொல்லத் தாமரை மாதக்கணக்கில் பழகிவிட்டு வந்தபோது, நேரமில்லை என்று கீழேயே நிறுத்தியவர். தான் மாலை வாங்கிக்கொள்ள நேரமிருந்தது. இப்போது அவர் விஜி அக்காவைத் 'தியாகத் தாய்' என்று எழுதியிருக்கிறார். ஐயா, அந்தச் சொல் அவருக்கு ஆகாது. "தியாகமாம்ல. எனக்குச் சமைக்கத்தான் பிடிக்காது. இவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பிடிக்கும். பிடிச்சதைச் செய்யிறதுக்கு என்ன தியாகம்?" என்று கேட்டவர் அவர். உங்கள் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அக்காவைக் கிடத்தியிருந்த அன்று நடந்தது. சடலம் எடுக்கும்வரை வீட்டு மனிதர்கள் யாரும் வாயில் எதுவும் வைக்கவில்லை. அத்தை மட்டும் சற்று நேரம் காணாமல் போய்த் திரும்பி வந்தார். வந்ததும் தம்பியின் தோளில் கைவைத்து எல்லாரும் கேட்கும்படி பேசினார். "நீ வேலைக்குப் போகணும். யாரு பாக்கிறது? இவளை ஒரு ஹோம்ல விட்டுடு. விஜியும் போய்ட்டா, இனி வீட்ல வச்சுப் படிக்க வைக்கிற கூத்தெல்லாம் வேண்டாம்." சேகர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். சுற்றியிருந்தவர்கள் அது சரிதான் என்பதுபோல் தலையாட்டினார்கள். என் நாக்கில் வந்ததை இங்கே சொல்ல முடியாது.

அத்தையைப் பார்த்த தாமரை எழுந்து வந்து எதிரில் நின்றாள். "அத்தை, சாப்ட்டீங்களா?"

சாவு வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. அத்தை "ம்" என்றார். தாமரை நகரவில்லை. "அத்தை, சாப்ட்டீங்களா?" எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை குரலைத் தாழ்த்தினார். "சாப்ட்டேன். காப்பிக் கடையில ரெண்டு பரோட்டா. எனக்குச் சக்கரை இருக்குல்ல" என்றார். தாமரை இன்னும் நின்றாள். பாடம் முடியவில்லையே. வேறு வழியில்லாமல் அத்தை கேட்டார்: "நீ சாப்ட்டியா?"

"இல்ல" என்றாள் தாமரை. "யாரும் கேக்கல."

காலையிலிருந்து அத்தனை பேரும் அவளைச் சுற்றித்தான் இருந்தோம், அவளை எங்கே விடுவது என்றுகூடப் பேச்சு வந்துவிட்டது. சேகர் அண்ணன் எழுந்து மகளின் கையைப் பிடித்தார். "இவ எங்கயும் போகமாட்டா" என்று தன் அக்காவிடம் சொல்லிவிட்டு, அவளுக்குச் சாப்பாடு வாங்கப் போனார்.

அவர் இரவு வேலைக்கு மாறிக்கொண்டார். இரவில் தாமரை என் வீட்டில் தூங்குகிறாள், அவர் தூங்கும் காலை நேரத்தில் அங்கேயே என் மகனோடு படிக்கிறாள். விஜி அக்காவின் புடவையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் தீர்க்காமல் விட்டுப்போன பழியைத்தான். தாமரையின் அத்தை இங்கேதான் இருக்கிறார். அம்மா, வாரப் பாடம் நிற்கவில்லை. இந்தச் சனிக்கிழமை தாமரையை நான் அழைத்து வருகிறேன். கதவைத் திறந்து வையுங்கள். இந்த முறை அவள் கேட்கும்வரை காத்திருக்காமல், முதலில் நீங்கள் கேளுங்கள்.