கோட் சூட் போட்ட பெற்றோல்காரன்

இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்களில், கனடாவில் மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தேன். கார் வந்து நின்றதும் ஓடிப்போய் பெற்றோல் அடித்து, கண்ணாடியும் துடைத்துவிடுவோம். வந்தவர் இருந்த இடத்தை விட்டு அசையத் தேவையில்லை. அவரவரே அடித்துக்கொள்ளும் நிலையங்களை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. காசையும் கொடுத்து, குளிரில் நின்று வேலையையும் நாமே செய்வதென்றால் அது என்ன நியாயம்?

ஒரு சனிக்கிழமை நகரின் மேற்குப் பக்கம் கர்க்லாண்டில் ஒரு கல்யாணவீடு. கோட் சூட் போட்டு, மனைவி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் வழியில் பெற்றோல் முடியப் பார்த்தது. அகப்பட்டதோ நாமே அடிக்கவேண்டிய ஒரு நிலையம்தான். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினேன்.

அந்த நேரம் பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. அதை ஓட்டிவந்த வயதான பெண்மணி கண்ணாடியை இறக்கி வெளியே எட்டிப் பார்த்தார். என் கால்கள் தானாகவே அங்கே நடந்தன.

"போன்ஜூர், மதாம்!" என்று வணக்கம் சொன்னேன்.

பெற்றோல் நிரப்பி, முன்கண்ணாடியையும் பின்கண்ணாடியையும் பளிச்சென்று துடைத்துவிட்டேன். அவர் சிரித்தபடி "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டுக் காசு கட்ட உள்ளே போனார். அதைப் பார்த்த அடுத்த கார்க்காரரும் இறங்காமல் காத்திருந்தார். அவருக்கும் அடித்தேன். எங்கள் காரின் பின் இருக்கையில் பிள்ளைகள் ஆளை ஆள் பார்த்தார்கள்.

மனம் நிறைந்துபோய் வந்து ஏறி, காரைக் கிளப்பினேன்.

"பாத்தியே, சனத்துக்கு என்ன தேவை எண்டு?" என்றேன் மனைவியிடம்.

"பாத்தன்," என்றாள் அவள். "எங்கட காருக்கு ஆரப்பா அடிக்கிறது?"