பெற்றோரிடம் அனுமதி கேட்கவும்

எங்கள் குடியிருப்பில் 'பிரேக் அக்கா' என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் கற்றுக்கொள்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருபவருக்கு ஒரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் அக்காவின் கால் பல வருடங்களாகக் குடியிருக்கிறது. சினிமாவில் கார் வேகமாகப் போனால் அம்மா முன்சீட்டை மிதித்து விடுவார், முன்சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார் என்று அவர் மகளே சொல்லிச் சிரிப்பாள்.

தலை நரைத்த பிறகு கார் ஓட்ட ஆசைப்பட்ட நானும் அவரிடம்தான் மாட்டினேன். கீழ் வீட்டுக்காரன் என்று சலுகை எதிர்பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அக்காவுக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, எல்லாவற்றையும் கற்றுக்கொள்பவர் கையால்தான் செய்ய வேண்டும், அவர் ஸ்டீயரிங்கைத் தொடவே மாட்டார். இரண்டு, கை ஸ்டீயரிங்கில் இருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. ஒரு தடவை "அக்கா, அங்கே ஒரு..." என்று ஆரம்பித்து நான் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது சாலையில் படுத்திருந்த நாயைப் பற்றி. நாயை அவர் எனக்கு முன்பே பார்த்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

இந்த இரண்டு சட்டமும் சேர்ந்துதான் பிறகு அவரையே குப்புறத் தள்ளின. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காவின் கணவர் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்ப்பவர். வீட்டுக்கு வருவது எப்போதாவதுதான். வீட்டில் அக்காவும் மகளும் மட்டும். மகளுக்கு வயது பதினைந்து, கூப்பிடுவது வாண்டு. ஹாலின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர். அதில் அம்மாவுக்கு ஒரு கணக்கு, மகளுக்கு ஒரு கணக்கு. அதுவரை அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை.

ஒருநாள் கார் பழக வந்த ஒருவர், தன் பையன் ஏதோ போலி விளையாட்டுப் பக்கத்தைத் திறந்து வீட்டுக் கம்ப்யூட்டரே முடங்கிப் போனதை, கல்யாணப் படங்கள் உட்பட எல்லாம் தொலைந்த கதையை, சொல்லித் தொலைத்தார். வண்டியை நிறுத்திய பிறகுதான் சொன்னார், அதனால் திட்டு விழவில்லை. ஆனால் அக்கா அதோடு விடவில்லை. அன்று சாயங்காலமே வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காவல் மென்பொருள் வாங்கிவிட்டார். வைரஸைத் தடுக்கும், போலிப் பக்கங்களைத் தடுக்கும், பிள்ளைகள் எவ்வளவு நேரம் கம்ப்யூட்டரில் இருக்கலாம் என்று கணக்கு வைக்கும், புதுப் பக்கம் எதைத் திறந்தாலும் பெற்றோரின் போனுக்குக் கேள்வி அனுப்பும். அக்கா கேட்டது வேறென்ன, பக்கத்து சீட்டில் ஒரு பிரேக். அதுவே கிடைத்துவிட்டது.

நிறுவும்போது அக்கா செய்ததுதான் வேடிக்கை. வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் மகளை உள்ளே போகச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்திருப்பார். அக்கா மகளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, தான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "சரின்னு அழுத்து. அடுத்ததுக்குப் போ. அதுக்கும் சரி" என்று பாடம் நடத்தினார். வாண்டு உட்கார்ந்திருந்தது தன் கணக்கில். போன் நம்பர் கேட்டபோது, பகலெல்லாம் காரில் இருக்கும் தன் போன் அணைந்தே கிடக்கும் என்பதால், "உன் நம்பரையே போடு" என்றார். வாண்டு ஒரு இடத்தில் திரும்பி, "அம்மா, இதுல நான்..." என்றாள். "கை வேலை செய்யும்போது பேச்சு என்ன? திரையைப் பாரு" என்றார் அக்கா. வாண்டு வாயை மூடிக்கொண்டு சரி என்று அழுத்தினாள்.

அவ்வளவுதான். உட்கார்ந்து அழுத்தியவர் பெற்றோர், மீதி இருப்பவர் பிள்ளை என்று அந்த மென்பொருள் எடுத்துக்கொண்டது. வாண்டு தாயானாள், அக்கா பிள்ளையானார். அது தெரியாமல் அக்கா எங்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். புதுப் பக்கம் திறந்தால் கொஞ்ச நேரம் 'சரிபார்க்கிறது' என்று காட்டிவிட்டுத்தான் விடுகிறதாம், பெரியவர் என்றுகூடப் பார்ப்பதில்லையாம், காவல் என்றால் அப்படி இருக்க வேண்டுமாம். நானும் நம்பி, நல்ல சாமானாக இருக்கிறதே என்று தலையாட்டினேன்.

முதல் கேள்வி தன் போனுக்கு வந்தபோது வாண்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். 'உங்கள் பிள்ளை இந்தப் பக்கத்தைத் திறக்க விரும்புகிறது. அனுமதிக்கலாமா?' ஓடிப்போய் அம்மாவிடம் காட்ட எழுந்தவள், எந்தப் பக்கம் என்று பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கனரக வாகனப் பயிற்றுநர் தேர்வு, மாதிரி வினாக்கள்.

பஸ்ஸும் லாரியும் ஓட்டக் கற்றுக்கொடுக்க அந்தத் தேர்வில் தேற வேண்டும். அக்காவுக்கு அது பைத்தியம் பிடித்த ஆசை. சாலையில் பெரிய பஸ் திரும்பினால், காரில் இருக்கும் எங்களை மறந்து அதன் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முன்பு ஒரு முறை ஊரெல்லாம் சொல்லிவிட்டு எழுதித் தோற்றிருக்கிறார். அப்போது ஆளாளுக்கு வந்து ஆறுதல் சொன்னதுதான் தோல்வியைவிட அவரை வதைத்தது. இந்த வருடத்தோடு அவருக்கு வயது வரம்பும் முடிகிறது. இதை விட்டால் ஆயுளுக்கும் இல்லை. அதனால்தான் இந்தத் தடவை மூச்சு விடவில்லை, பெற்ற மகளிடம்கூட.

வாண்டுவுக்கு இது புரிந்தது. போனைக் காட்டினால் அம்மாவின் ரகசியம் உடையும். காட்டாவிட்டால் அம்மா கேட்கிறபோதெல்லாம் தான் அனுமதி கொடுத்தாக வேண்டும். இரண்டாவதே மேல் என்று முடிவு செய்தாள். அன்றிலிருந்து அம்மா ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மகள் உள் அறையில் போனும் கையுமாக உட்காருவாள். டிங் என்று சத்தம் வரும், சரி என்று அழுத்துவாள். நேரம் தீர்ந்தால் நீட்டித்துக் கொடுப்பாள். 'ஏர் பிரேக் எப்படி வேலை செய்கிறது', சரி. 'பரீட்சை பயம் போக என்ன செய்யலாம்', சரி. பக்கத்துப் பக்கத்து அறையில் இப்படி ஒரு கூட்டுப் படிப்பு நடந்துகொண்டிருந்தது, ஒருத்திக்குத் தெரியாமலே.

அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த டிங் சத்தம்தான். தான் படிக்க உட்கார்ந்தால் போதும், இவளுக்குப் போன் வந்துவிடுகிறது, யாரோடு இப்படி ஓயாமல் பேசுகிறாள் என்று உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறார். தேர்வு நாள் காலையில் கடைசியாக ஒரு முறை மாதிரி வினாக்களைப் பார்க்க உட்கார்ந்தபோதும் வரிசையாக டிங், டிங். பொறுமை போய்விட்டது. உள்ளே போய்ப் போனைப் பிடுங்கினார். வீட்டில் எங்கே ஒளித்தாலும் வாண்டு எடுத்துவிடுவாள். அக்கா பல்வலி என்று பொய் சொல்லி அன்று விடுப்பு எடுத்திருந்ததால், கீழே நின்ற பயிற்சிக் காரை எடுத்துப்போகப் பள்ளி முதலாளியே வந்திருந்தார். போனை அணைத்து அவர் கையில் கொடுத்து, டேஷ்போர்டில் போட்டுப் பூட்டி வையுங்கள், சாயங்காலம் வரை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றைக்கு அந்தக் காரில் ஸ்டீயரிங் பிடித்திருந்தவன் சாட்சாத் நான்தான்.

வாண்டு அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பரீட்சைக்கு உட்காரப் போகிறவரிடம் இதைச் சொல்லிக் கலக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள். தேர்வுப் பக்கத்துக்கு ஏற்கனவே அனுமதி கொடுத்தாயிற்று, சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள். காலையில் அம்மா படித்த நேரமும் கணக்கில் சேரும் என்பதை மறந்துவிட்டாள்.

வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு. கேமரா வழியாக ஒரு கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டிருப்பார், இருக்கையை விட்டு எழக் கூடாது. அக்கா மகளை வெளியே அனுப்பிவிட்டு, வாசல் கதவைச் சாத்திக்கொண்டு விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தார். படித்ததெல்லாம் வந்திருக்கிறது, கை பறக்கிறது. பாதி தாண்டியிருக்கும், திரை முழுவதும் ஒரு நீலப் பலகை வந்து மூடியது. கண்காணிப்பாளரின் குரல் மட்டும் கேட்டது, என்ன ஆயிற்று, விடை வருவது நின்றுவிட்டதே, திரையில் தெரிவதைப் படியுங்கள் என்று.

"இன்னைக்கு உனக்கான நேரம் முடிஞ்சது, பெற்றோரிடம் அனுமதி கேட்கவும்னு வருது சார்."

 அந்த மனிதர் மிகவும் தன்மையாக, "உங்க அப்பா அம்மா பக்கத்துல இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

"அவங்க போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆச்சு சார்" என்றார் அக்கா.

கால் மணி நேரம் பார்ப்பார்களாம். அதற்குள் திரை திரும்பாவிட்டால் தேர்வு ரத்து. வெளியே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த வாண்டு கதவைத் தட்டினாள். "அம்மா, அந்தப் பெற்றோர் நான்தான். அப்புறம் திட்டிக்கோ. என் போன் எங்கே?"

அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் பதறுகிற குரல் எது, பசப்புகிற குரல் எது என்று அவருக்குத் தெரியும். "கார்ல இருக்கு. இந்நேரம் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ரிவர்ஸ் போட்டுக்கிட்டு இருப்பாங்க, ஓடு" என்றார். மகள் இறங்கி ஓடும் சத்தம் படிக்கட்டில் கேட்டது. அக்கா கேமராவைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்.

நான் ரிவர்ஸை ஒருவழியாக முடித்து, பெருமையோடு வண்டியைச் சாலைக்குத் திருப்பியிருந்தேன். கண்ணாடியில் பார்த்தால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் கத்திக்கொண்டே ஓடி வருகிறாள். பயத்தில் நான் அழுத்தியது ஆக்சிலேட்டரை. வண்டி பாய்ந்தது. இன்னும் வேகமாக ஓடி வந்தாள். முதலாளி தன் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தார், எங்கள் இரண்டு பேர் தலையும் முன்னால் போய்ப் பின்னால் வந்தது. வாண்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள், போனைக் கொடுங்கள் என்றாள். முதலாளி மறுத்துவிட்டார். அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், கொடுக்க முடியாது என்றார்.

வாண்டு முகத்தை அப்போது பார்த்தவன் நான். சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. இத்தனை நாள் கட்டிக் காத்ததை, அம்மா யாருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தாரோ அந்த முதலாளியிடமே கொட்ட வேண்டும். "அங்கிள், அம்மா பெரிய வண்டி பரீட்சை எழுதிக்கிட்டு இருக்காங்க. இப்ப அந்தப் போன் இல்லைன்னா எல்லாம் போச்சு. வேற எதுவும் கேக்காதீங்க."

"பல்வலின்னு சொன்னாளே" என்றார் முதலாளி. ஆனால் அவர் கை அதற்குள் டேஷ்போர்டைத் திறந்துவிட்டது.

அணைத்து வைத்த போன் உயிர் பெறுவதற்குள் எங்கள் உயிர் போய்விட்டது. வெள்ளைத் திரை, கறுப்புத் திரை, சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம். எதற்கு, ஏன் என்று ஒன்றும் தெரியாமலே நானும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது, முதலாளி இறங்கிப்போய் அவனோடு சண்டைக்கு நின்றார். கடைசியில் டிங். 'உங்கள் பிள்ளை கூடுதல் நேரம் கேட்கிறது.' வாண்டு 'இன்று முழுவதும்' என்று அழுத்தினாள். அப்படியே சாலையோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதாள்.

அவளை ஏற்றிக்கொண்டு வண்டியை வீட்டுக்கு விடச் சொன்னார் முதலாளி. வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்றாவது கியர் போட்டேன், அதை யாரும் கவனிக்கவில்லை. கட்டடத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தி, மூன்று பேரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். மேலே கேட்டுவிடுமோ என்று கார்க் கதவைக்கூடத் திறக்கவில்லை. கடைசியில் மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தது. அக்கா எட்டிப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். முதலாளி இறங்கிச் சத்தம் போட்டுச் சிரித்தார், எனக்கு எதற்கென்றே தெரியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது.

அக்கா தேறிவிட்டார். இப்போது பஸ் பயிற்சி மையத்தில் வேலை, ஆட்கள் அவர் பக்கத்தில் வாயைத் திறக்காமல் பெரிய ஸ்டீயரிங்கைச் சுற்றுகிறார்கள். தேர்வன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை அவர்தான் பின்னொரு நாள் என்னிடம் சொன்னார். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் கேட்டுச் சிரித்து ஓய்ந்த பிறகு, தான் கேட்டதற்கெல்லாம் சரி என்றுதான் சொன்னாயா என்று கேட்டிருக்கிறார். ஒன்றுக்கு மட்டும் இல்லை என்றிருக்கிறாள் வாண்டு. எது என்று கேட்டதற்கு, தேர்விலிருந்து பெயரை எடுத்துவிடும் பக்கம் என்றாளாம்.

அக்காவுக்குத் தேர்வுக்கு முந்தைய ஒரு சாயங்காலம் நினைவுக்கு வந்தது. மாதிரித் தேர்வில் மண்ணைக் கவ்வியிருந்தார். போதும் இந்த அவமானம், பெயரை எடுத்துவிடலாம் என்று அந்தப் பக்கத்தைத் திறந்தார். திறக்கவில்லை. இன்டர்நெட்டைத் திட்டினார். எழுந்து போகவும் தெம்பில்லாமல், திறந்து கிடந்த அடுத்த பாடத்தையே படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"நான் மறுபடியும் கேட்டிருந்தா?" என்றார் அக்கா.

"மறுபடியும் கேட்டா விட்டுடணும்னுதான் போனைக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றாள் வாண்டு. "நீ கேக்கவே இல்லம்மா."