அத்தை எவ்வளவு நடந்தார்?

எங்கள் அத்தை சலவைக்கடை வைத்துக் குடும்பத்தைக் கரையேற்றியவர். கணவர் இறந்தபின், நாளெல்லாம் நின்றபடியே துணி தேய்த்துத் தம் ஒரே மகனைப் படிக்க வைத்தார். மகன் உத்தியோகத்தில் அமர்ந்ததும், கடையை ஓர் ஆளிடம் ஒப்படைத்துவிட்டு அத்தை வீட்டோடு ஓய்ந்துவிட்டார் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். முதுமையில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்கினார். முறிந்து விலகிய எலும்பைத் திருகாணியால் இணைக்கலாம். ஆனால் இந்த வயதில் எலும்பு கூடாமல் போனால் மறுபடி அறுக்க நேரும். பந்து போன்ற முனையை மட்டும் மாற்றினால் அறுவை விரைவில் முடியும். பந்தோடு அது பொருந்தும் கிண்ணத்தையும் மாற்றுவது நிறைய நடப்பவர்களுக்கு ஒத்துவரும். ஆனால் அறுவை நீளும், மூட்டு நழுவும் வாய்ப்பும் சற்றுக் கூடுதல். ஆகவே, விழுவதற்கு முன் அவர் எவ்வளவு நடந்தார் என்று கேட்டார்.

குழப்பம் அங்கேதான் தொடங்கியது. அம்மா சுவரைப் பிடித்தபடி வீட்டுக்குள் நடமாடுவதோடு சரி என்றார் அத்தான். அப்படியானால் பந்து மட்டும் போதும் என்றார் மருத்துவர். பிற்பாடு மருத்துவரிடம் தனியே சென்ற மருமகள், அத்தை வெளியே நன்றாகவே நடப்பார் என்று சொல்லிவிட்டு வந்தார். உடனே இரண்டையும் மாற்றலாம் என்றாயிற்று. மருத்துவர் வேளைக்கொரு பேச்சுப் பேசுகிறாரே என்று அத்தான் வேறு மருத்துவமனை தேடக் கிளம்பினார். நான் விசாரித்த உறவினர்களோ, ஆளுக்கொரு அத்தையைப் பற்றிப் பேசினார்கள்.

கடைசியில் மருத்துவரே கட்டிலருகே வந்து கேட்டார். அத்தை மகனை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கடைக்குப் போவேன். இவன் ஆபீஸ் கிளம்பினதும்."

"எந்தக் கடைக்கும்மா?" என்றார் அத்தான்.

"நம்ம கடைக்குத்தான்டா."

"வீட்டுல சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நடப்பே?"

"நல்லா நடந்தா, எங்கே போறேன்னு கேப்பியே."

அத்தான் மனைவி பக்கம் திரும்பி, உனக்குத் தெரியுமா என்றார்.

"மதியச் சாப்பாட்டை யாருங்க கட்டிக் குடுத்தது?"

இரண்டு முறையிலும் நல்லது கெட்டது உண்டு, முடிவு குடும்பத்துடையது என்றார் மருத்துவர். எது வேண்டுமென்று அத்தையைக் கேட்டோம்.

"எதைப் போட்டா நான் திரும்பக் கடையில போய் நிப்பேனோ, அதைப் போடச் சொல்லு."

இரண்டையும் மாற்றினால் அதற்கு வாய்ப்பு அதிகம், ஆனால் உத்தரவாதம் இல்லை என்றார் மருத்துவர். கையெழுத்துப் போடுமுன் அத்தான் என் முகத்தைப் பார்த்தார். பிறகு போட்டுவிட்டார்.

அத்தை இப்போது கைத்தடியுடன் கடைக்குப் போய்வருகிறார். பந்தை மட்டும் மாற்றியிருந்தாலும் இப்படித்தான் நடந்திருப்பாரா என்று அத்தான் இன்னும் என்னைக் கேட்கிறார். மருத்துவரை விசாரித்துப் பார்த்தேன். நடந்திருக்கலாம் என்கிறார்.