வெண்கலத்துக்குத் தொண்டை கட்டிய நாள்

நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடும் ஊழியருக்கு ‘வெண்கலம்’ என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்பது யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை ஏதோ திருட்டு வழக்கில் சாட்சியின் பெயரை அவர் கூப்பிட்டாராம். மூன்று தெரு தள்ளி, முடிதிருத்தும் கடையில் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்த அதே பெயர்க்காரர் ஒருவர் பாதி மீசையோடு ஓடிவந்து கூண்டில் ஏறினாராம். கேட்ட கேள்விக்கெல்லாம் தங்குதடையில்லாமல் பதில் சொல்லிவிட்டு, மீதி மீசையைக் கவனிக்கப் போய்விட்டாராம். தீர்ப்பு சரியாகவே வந்தது என்பதுதான் இதில் விசேஷம்.

நீதிமன்றம் மாடியில் இருந்தது. ஏறிவர இருபத்திரண்டு படிகள், நடுவில் ஒரு திருப்பம். வழக்குக்கு வந்தவர்கள் கீழே தண்ணீர்க் குழாயடியிலும் படிகளிலும் காத்திருப்பார்கள். வெண்கலம் ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிட வேண்டும். முதல் அழைப்பு அறைக்குள், இரண்டாவது தாழ்வாரத்துக்கு, மூன்றாவது படிக்கட்டின் தலைமாட்டில் நின்று கீழ்நோக்கி. அதற்கும் ஆள் வராவிட்டால் ‘அழைத்தும் வரவில்லை’ என்று ஏட்டில் ஏறிவிடும். குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தால் பிடிவாரண்டு. புகார் கொடுத்தவராக இருந்தால் வழக்கே தள்ளுபடி.

இதில்தான் வெண்கலத்தின் கைவரிசை இருந்தது. மூன்றாவது அழைப்பு முடியாதவரை ஆள் வரவில்லை என்று எழுத முடியாது அல்லவா? ஆகவே யாராவது மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவது தெரிந்தால், பெயரை ரப்பர் மாதிரி இழுப்பார். கால் ஊனமான ஒரு பழைய இரும்புக்காரருக்காக, மூன்றே எழுத்துப் பெயரை இருபத்திரண்டு படிக்கும் இழுத்திருக்கிறார். அந்த மனிதர் மேலே வந்து சேர்ந்து சாதாரணமாக நின்றார். வெண்கலத்தின் முகம்தான் நீலம் பாரித்திருந்தது.

“என்ன வெண்கலம், பேரு கூப்பிடுறியா, பாட்டு படிக்கிறியா?” என்று தலைமை எழுத்தர் கேட்பார்.

“பேருதான் சார். கொஞ்சம் நீளமான பேரு.”

இருபது வருடம் இப்படியே ஓடியது. பிறகுதான் காஜாக்காரம்மாவின் வழக்கு வந்தது.

அவள் சட்டைகளுக்குக் காஜா எடுப்பவள், அதாவது பித்தான் துளைகளுக்கு ஓரம் தைப்பவள். புருஷன் சைக்கிள் பழுது பார்த்தவர். ஒருநாள் மத்தியானம் சாலையோரம் குந்தியிருந்து சக்கரத்துக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தவரை ஒரு பெரிய கார் அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. ஓட்டியவர் மந்திரி. டிரைவரைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு ஆசைக்குத் தானே ஓட்டினார். தெருவே பார்த்தது. ஆனால் காவல் நிலையத்தில், மாடு முட்டி இறந்ததாக எழுதிக்கொண்டார்கள். அவள் விடாமல் நடந்து கேட்டபோதெல்லாம், மாட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். மாடு இன்னும் தலைமறைவுதான்.

கடைசியில் அவளே நீதிமன்றத்தில் நேரடியாகப் புகார் கொடுத்தாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் காலை ஒன்பது மணிக்கே வந்து, படிக்கட்டின் திருப்பத்தில் உட்கார்ந்து, மடியில் சட்டையைப் போட்டுக் காஜா எடுப்பாள். மந்திரியின் பெயரை வெண்கலம் மூன்று முறை கூப்பிடுவார். பெயர் படியிறங்கி, வாசல் தாண்டி, வெயிலுக்குள் போய்விடும். மந்திரியின் வக்கீல் எழுந்து, நெஞ்சு வலி என்பார். அடுத்த முறை முதுகு வலி. ஒருமுறை வக்கீல் வலியின் பெயரை மறந்துபோய், பொதுவாக ‘வலி’ என்று மட்டும் சொன்னார். அதற்கும் தேதி கிடைத்தது. இப்படிப் பதினோரு வருடத்தில் நாற்பத்தேழு தடவை. அவளோ ஒரு தடவைகூடத் தவறவில்லை.

நாற்பத்தெட்டாவது வாய்தா அன்று தலைமை எழுத்தர் வெண்கலத்தைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார்.

“இன்னிக்கு உனக்குத் தொண்டை கட்டியிருக்கு.”

“இல்லையே சார், நல்லாத்தானே இருக்கு.”

“கட்டியிருக்குன்னு சொல்றேன்ல?” அவர் இழுப்பறையை லேசாகத் திறந்தார். உள்ளே ஒரு மாற்றல் உத்தரவு இருந்தது. இரண்டு நாள் ரயிலில் போகவேண்டிய ஊர். “வீட்டுல உன் சம்சாரம் இடுப்பு உடைஞ்சு படுத்திருக்காங்களாமே. நீதான் தூக்கி உட்கார வைக்கிறியாம். பாவம்.” இழுப்பறை மூடிக்கொண்டது.

மந்திரியின் பெயரைக் கூப்பிட்டு, வலி சொல்லி முடிந்ததும், புகார்தாரரை அழைக்கச் சொன்னார் நீதிபதி. வெண்கலம் முதல் அழைப்பைச் சுவருக்குச் சொன்னார். இரண்டாவதைத் தன் சட்டைப் பித்தானுக்குச் சொன்னார். மூன்றாவதற்குப் படிக்கட்டின் தலைமாட்டில் போய் நின்றார். கீழே திருப்பத்தில், குனிந்த அவள் தலையின் வகிடு தெரிந்தது. ஊசி ஏறி இறங்கியது. அவர் வாயைத் திறந்து, அவள் பெயரை அப்படியே விழுங்கிவிட்டார்.

அழைத்தும் வரவில்லை. வழக்கு தள்ளுபடி. நாற்பத்தெட்டு முறை வராதவர் விடுதலை; வந்து உட்கார்ந்திருந்தவள் வரவில்லை.

மதியம் அவர் படியிறங்கியபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணே, நம்ம கேஸு இன்னும் கூப்பிடலையா?”

அவர் அவளைத் தாண்டிப் போனார்.

மறுநாள் ஒரு லாரி டிரைவரின் பெயரைக் கூப்பிட்டார். மூன்றாவது அழைப்பு முடிந்ததும், திருப்பத்திலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

“இருக்கேன்.”

எட்டிப் பார்த்தார். லாரி டிரைவர்தான் பீடியை மிதித்து அணைத்துவிட்டு ஏறிக்கொண்டிருந்தான். திருப்பத்தில் யாருமில்லை.

அடுத்தது ஒரு பால்காரர். மூன்று அழைப்பு. “இருக்கேன்.” அடுத்தது ஒரு வாடகைத் தகராறு. “இருக்கேன்.” அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை; அடுத்த அறையிலிருந்து வேலையை நிறுத்தாமல் பதில் சொல்வார்களே, அப்படி. எவர் பெயரைக் கூப்பிட்டாலும் அவளே பதில் சொன்னாள். செத்தவர்கள் வந்து பேசினால் அதற்கு ஏதாவது பரிகாரம் உண்டு. இவள் உயிரோடு, நாலு தெரு தள்ளித் தன் வீட்டில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். உயிரோடிருப்பவளை யார் வந்து ஓட்டுவது?

அந்தக் குரல் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வெண்கலம் பெயர்களை வெடுக்கு வெடுக்கென்று வீச ஆரம்பித்தார். இழுப்பு போயிற்று. ஒரு மாதத்தில் பிடிவாரண்டுகள் இரட்டிப்பாயின. பழைய இரும்புக்காரர் பதினாலாவது படியில் இருந்தபோது அவர் பெயர் முடிந்துவிட்டது. மீதி எட்டுப் படியை அவர் ஏறிவந்து நின்றபோது, காவலர் வாசலிலேயே கையைப் பிடித்தார்.

“என்னப்பா வெண்கலம், நான் ஏறிட்டுதானே இருந்தேன்?” என்றார் அவர். கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

ஒருநாள் மாலை, கவுனில் ஒட்டுப்போட்ட ஒரு வக்கீலம்மா குழாயடியில் அவரை மறித்தாள். வழக்கு தள்ளுபடியான பிறகு காஜாக்காரம்மாவுக்காக வந்த வக்கீல்.

“உங்க தொண்டை மூணு தெருவுக்குக் கேட்கும்னு ஊரே சொல்லுது. அன்னிக்கு மட்டும் பாதிப் படி இறங்கலையா, அண்ணே?”

“தொண்டை கட்டியிருந்துச்சும்மா.”

“அதையாவது எழுதிக் குடுங்க. சரியா கூப்பிடலைன்னு நீங்க ஒரு வரி சத்தியம் பண்ணிக் குடுத்தா, மேல்கோர்ட்டுல கேஸத் திரும்ப எடுப்பாங்க. தொண்ணூறு நாள்தான் கெடு. எண்பத்தொண்ணு போயாச்சு.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் சோற்றைப் பிசைந்து கட்டிலருகே கொண்டுபோய், மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

“இருக்கேன்.”

தட்டு கீழே விழுந்தது. கட்டிலிலிருந்து மனைவி அவரையும் அடுப்படியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நான் இங்க படுத்திருக்கேன். அங்க யார பாக்குறீங்க? புதுசா யாரையாவது சேத்துக்கிட்டீங்களா?”

அவர் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, சிதறிய சோற்றைப் பொறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். இழுப்பறை, மாற்றல் உத்தரவு, சட்டைப் பித்தான், வகிடு. கடைசியில், “உன்னை விட்டுட்டு நான் எப்படிப் போறது? உன் இடுப்புக்காகத்தான்...” என்றார்.

“நிறுத்துங்க. உங்க பயத்தத் தூக்கி என் இடுப்பு மேல வைக்காதீங்க. அது ஏற்கெனவே உடைஞ்சிருக்கு.” தலையை அவர் பக்கம் திருப்பினாள். “அவ புருஷன தூக்கி உட்கார வைக்க அவளால முடியலையே. அத நெனச்சீங்களா?”

எண்பத்தாறாவது நாள் அவர் கையெழுத்துப் போட்டார். தலைமை எழுத்தர் சொன்னதையும் இழுப்பறையையும் ஒன்று விடாமல் எழுதினார்.

அதற்குப் பிறகுதான் சட்டத்துக்குக் கால் முளைத்தது. பதினோரு வருடம் மந்திரியின் வீட்டு வாசலைக் கண்டுபிடிக்க முடியாத அதே சட்டம், மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு வெண்கலத்தின் வீட்டுக் கதவைத் தட்டியது. கடமையில் தவறியதற்காக விசாரணை. ஒன்பதே நாளில் எல்லாம் முடிந்தது. அவர் பெயரை ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார்கள். அதுவும் அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருக்கும்போது. இழுப்பறையைத் திறந்து பார்த்தார்கள். ஒரு சீப்பும் இரண்டு ஏலக்காயும் இருந்தன. மேலதிகாரி மீது வீண்பழி என்று அதையும் குற்றக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அவர் மார்பில் குத்தியிருந்த உத்தியோக அடையாளமான பித்தளை வில்லையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கும்போது வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வழக்கில் இன்றுவரை தண்டனை பெற்றவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் வழக்கு உயிர்பெற்றது. மேல்நீதிமன்றம் அதைத் திரும்ப எடுக்கச் சொன்னது.

முதல் வாய்தாவுக்கு வெண்கலம் வெறும் சட்டையோடு போனார். காஜாக்காரம்மா திருப்பத்தில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் ஊசி நின்றது. அவர் இரண்டு படி தள்ளி நின்றார்.

“அம்மா, அன்னிக்கு நான்...”

“வக்கீலம்மா சொன்னாங்க.” அவள் காஜாவை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு மடியிலிருந்த சட்டைகளைக் கொஞ்சம் ஒதுக்கினாள். “நிக்காதீங்க. ஏறுறவங்களுக்கு வழிய மறைக்குது.”

அவர் உட்கார்ந்தார்.

மேலே, புதிதாக வந்தவர் மந்திரியின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். யாரும் வரவில்லை. இந்த முறை மூட்டு வலி. காலையில்தான் டீக்கடைத் தொலைக்காட்சியில், அந்த மூட்டுகள் மேடையேறி ஓட்டப்பந்தயத்தைக் கொடியசைத்துத் தொடங்கிவைத்திருந்தன.

அடுத்து அவள் பெயர். உள்ளே ஏதோ முணுமுணுப்பு. வெண்கலத்தின் காதுக்கு மட்டும்தான் அது எட்டியது. இரண்டாவது, கொசு பாடியதுபோல. மூன்றாவதற்குப் புதியவர் படிக்கட்டின் தலைமாட்டில் வந்து நின்று, தன் சட்டைப் பித்தானைப் பார்த்தார். அந்தப் பார்வையை வெண்கலத்துக்குத் தெரியும்.

எழுந்தார். வில்லை இல்லை, உத்தியோகம் இல்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அவள் பெயரைக் கூப்பிட்டார். படிக்கட்டு அதிர்ந்தது, குழாயடியில் ஒருவர் செம்பைத் தவறவிட்டார். அவள் சட்டைகளை மடித்து, ஊசியை முந்தானையில் குத்தி, முழங்காலில் கைவைத்து எழுந்து, ஒவ்வொரு படியாக ஏறி வாசலை மிதிக்கும்வரை பெயரை அவர் விடவில்லை.

“இருக்கேன்” என்றாள் அவள்.

அன்றோடு அந்தக் குரல் அவரை விட்டுவிட்டது. தேதி தள்ளிப்போட்டார்கள். அடுத்ததும் போயிற்று, அதற்கடுத்ததும். அவர் ஒவ்வொன்றுக்கும் போகிறார். தானே கூப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், மந்திரியின் பெயரைச் சொன்னதும் தொண்டையைக் கனைத்துக்கொள்வார், முதுகைச் சொறிவார்; பதில் வராத அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று கவனித்ததில்லை. இப்போது கீழே உட்கார்ந்து கேட்கிறார்.

“அண்ணே, இத கொஞ்சம் கோத்துக் குடுங்க. கண்ணு தெரியல” என்று அவள் ஊசியையும் நூலையும் நீட்டுகிறாள். அவர் வாங்கி, நூலின் நுனியை நாக்கில் நனைக்கிறார். மேலே மந்திரியின் பெயர் மூன்றாவது முறையாகக் கேட்கிறது. அது அவர்கள் இருவரையும் தாண்டிக் கீழே இறங்கி, வாசல் வழியாக வெளியே போகிறது. இருவரும் வாசலைப் பார்க்கிறார்கள்.