அண்ணனுக்கு ஏற்றிய மெழுகுவர்த்தி

காரைக்காலுக்குப் போகிறேன் என்று சொன்னால் அந்த நாட்களில் எங்கள் ஊரில் ஒரு மாதிரி சிரிப்பார்கள். எங்களுக்கு மதுவிலக்கு, எல்லையைத் தாண்டினால் சாராயக்கடை. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். நான் குடிக்கப் போகவில்லை. ஐப்பசியில் அடித்த பெரும்புயலுக்குப் பிறகு, காணாமல் போன என் அண்ணனைத் தேடிப் போனேன். எழுபதுகளின் கடைசி. பங்குனி பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

காணாமல் போனார் என்பது எனக்கு வசதியான சொல். உண்மையில் நான்தான் விரட்டினேன். அண்ணன் பம்புசெட் மெக்கானிக். ஊரான் வீட்டு என்ஜினையெல்லாம் பழுது பார்ப்பார், எங்கள் வீட்டு என்ஜின் மட்டும் அப்படியே கிடக்கும். ஒரு கோடையில் பயிர் கருகிவிட்டது. களத்துமேட்டில் பத்துப் பேர் பார்க்க, “நீ இருந்தா என்ன, செத்தா என்ன” என்று கேட்டுவிட்டேன். களத்தை விட்டு இறங்கிப் போய்விட்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் திரும்பி வந்து மூன்று தடவை கதவைத் தட்டினார். தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் அவர் வரவில்லை. ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

என் நட்சத்திரம் கேட்டை. அதில் பிறந்தவனால் மூத்தவனுக்கு ஆகாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அண்ணன் அதைக் கேட்டுச் சிரிப்பார். கோயிலுக்குப் போனால் தன் பேரை விட்டுவிட்டு என் பேருக்கும் நட்சத்திரத்துக்கும்தான் அர்ச்சனை செய்வார்.

காரைக்கால் பக்கத்து வரிச்சிக்குடியில் அவரைப் பார்த்ததாக ஒரு நெல் வியாபாரி சொல்லியிருந்தார். அங்கே போய் விசாரித்தேன். வரப்பில் நின்ற ஒருவர், “ஆமாங்க, புயலுக்கு முந்தி இங்கதான் என்ஜின் பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் பட்டினம் பக்கம் போனதா கேள்வி. கடக்கரையாச்சே, புயல்ல என்ன ஆனாரோ” என்றார். காரைக்காலுக்குத் திரும்பி, திருமலைராயன்பட்டினத்துக்கு பஸ் ஏறினேன். பாதி வழியில் டயர் வெடித்தது. மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. நிழல் தேடி, சாலையை விட்டுச் சற்று உள்ளே தெரிந்த ஒரு சின்ன மாதா கோயிலுக்கு நடந்தேன்.

உள்ளே நுழைந்ததும் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. சுவரோரம் நின்ற சொரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் தலையோடு கால் மூடிக் கட்டியிருந்தார்கள். முகம் எது, முதுகு எது என்று தெரியாத உருவங்கள். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் இப்படி மூடி வைப்பது வழக்கம் என்று அப்போது எனக்குத் தெரியாது. மணல் வராமலிருக்க ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். புயல் பிய்த்துப்போன ஓட்டு இடுக்கு வழியாக மட்டும் வெளிச்சம் விழுந்தது. முப்பது பேர் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ஓலைக்கூடையோடு உட்கார்ந்திருந்த நடுவயதுப் பெண் என்னிடம் ஒரு மெழுகுவர்த்தியை நீட்டினாள்.

“யாருக்குங்க?”

“எங்க அண்ணனுக்கு.”

“பேரு சொல்லுங்க.”

எனக்குத் தெரிந்தது அர்ச்சனை ஒன்றுதான். பேரைச் சொன்னேன். கூடவே நட்சத்திரத்தையும் சொன்னேன். எந்த ஊரில் இருந்தாலும், சாமி எதுவானாலும் அண்ணன் நல்லபடியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நட்சத்திரம் என்றதும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பீடத்தின் அடியில் வரிசையாக எரிந்த மெழுகுவர்த்திகளோடு என்னுடையதையும் ஏற்றி வைத்துவிட்டு வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மைக் இல்லை, ஆர்மோனியம் இல்லை. நடுவில் தரையில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்தார்கள். ஒருவரிடம் ஜால்ரா, இன்னொருவரிடம் துணி சுற்றிய சின்ன மேளம். அடித்தால் நெஞ்சுக்குள் அடிப்பது போலத்தான் கேட்கும். பாட்டு நாட்டுப்புறத்து மெட்டு, நாற்றங்காலில் கேட்டுப் பழகியதுபோல இருந்தது. மேளக்காரர், கூடைக்காரப் பெண் சொல்லி வைத்த பேர்களில் ஒன்றையும் உறவு முறையையும் சொல்லி, “காத்தடிச்ச கரை மேல எங்க போயி நின்னீங்க?” என்று பாடினார்.

பதில் பின்னாலிருந்து வந்தது. கதவோரம் முக்காடு போட்டிருந்த மூன்று பெண்கள், உதடு பிரியாதவர்கள் போல மெல்லப் பாடினார்கள்: “கதவத் தட்டி நின்னேனே, கேக்கலையோ மகளே.”

முன் வரிசையில் ஒருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அப்போதுதான் புரிந்தது. இது அர்ச்சனையல்ல. செத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பின்னாலிருந்து செத்தவர்கள் பதில் சொல்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது போலிருந்தது.

என் அண்ணன் செத்தவர் இல்லை, பேரை விட்டுவிடுங்கள் என்று எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேர் பேராக வந்தது. மகன், புருஷன், மாமன். ஒவ்வொன்றுக்கும் அதே வரிதான், கடைசிச் சொல் மட்டும் மாறியது. பிறகு என் அண்ணன் பேர் வந்தது.

“கதவத் தட்டி நின்னேனே, கேக்கலையோ தம்பி.”

எல்லாருக்கும் பாடுகிற வரி என்று புத்திக்குத் தெரிந்தது. உடம்புக்குத் தெரியவில்லை. பிடரி மயிர் நின்றது. அந்த மூன்று குரல்களுக்கு அடியில் நாலாவதாக, கட்டையாக ஒரு குரல் கேட்டது. இன்றுவரை அது என் பிரமை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். திரும்பினால் கதவருகே அவர் நிற்பார் என்று பயந்தேன். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயத்தோடு சேர்ந்து எனக்கு ஒரு நிம்மதியும் வந்தது. புயலில் போயிருப்பார், பாடியாயிற்று, இனிமேல் தேட வேண்டாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என்னை நான் மன்னித்ததில்லை.

பாட்டு முடிந்து எல்லாரும் கலைந்தார்கள். கூடைக்காரப் பெண் என்னிடம் வந்தாள்.

“தப்பா நெனைக்காதீங்க. இங்க யாரும் நட்சத்திரம் சொல்ல மாட்டாங்க. போன வருஷத் தவக்காலத்துலயும் ஒருத்தரு சொன்னாரு. ஒங்க சாடைதான் இருந்துச்சு, அதான் சொல்றேன்.”

“யாருக்குச் சொன்னாரு?”

“தம்பிக்குன்னாரு. கேட்டை நட்சத்திரம்னு சொன்னாரு.” பேரையும் சொன்னாள். அது என் பேர்.

எங்கேயோ போகிற வழியில் அவரும் இந்த வாசலில் நின்றிருக்கிறார். என்னைப் போலவே அர்ச்சனை என்று நினைத்திருக்கிறார். நாலு வருஷம் கழித்தும் அவர் வாயில் வந்தது என் பேர்தான். என் பேரையும் இங்கே பாடியிருக்கிறார்கள், செத்தவனாக.

“பாட்டை முழுசாக் கேட்டாரா?” என்றேன்.

“எங்கங்க கேட்டாரு! தம்பின்னு பேரச் சொல்லிக் கூப்புட்ட ஒடனே எழுந்திரிச்சு ஒரே சத்தம். ‘நிறுத்துங்கய்யா, என் தம்பி உசுரோட இருக்கான், நல்லா இருக்கான்’னு. எங்களுக்கெல்லாம் வெலவெலத்துப் போச்சு. பின்பாட்டு பாட விடல. நேரா போயி மெழுகுவத்திய ஊதி அணைச்சாரு. சட்டைப்பையில வச்சுக்கிட்டு போயிட்டாரு. அழுதுக்கிட்டே போனாருங்க.”

வெளியே பஸ்காரர் ஹாரன் அடித்தார். பட்டினம் முழுக்க அன்றும் மறுநாளும் அலைந்தேன். அதற்கடுத்த பல வருஷங்களும் போய்ப் பார்த்தேன். புயலுக்கு முன்னா, பின்னா, எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் அன்று, ஹாரன் சத்தத்துக்கு நடுவே, பீடத்தின் பக்கம் ஓடினேன். “எங்கண்ணன் உசுரோட இருக்காரு” என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். கேட்க அந்தப் பெண்ணையும் மூடிக்கட்டிய சொரூபங்களையும் தவிர யாரும் இல்லை. குனிந்து ஊதி அணைக்கப் பார்த்தேன். நான் அவருக்கு ஏற்றிய மெழுகுவர்த்தி அடிவரை எரிந்து தானாகவே அணைந்திருந்தது.