தலைமாட்டுப் பலகை

சித்தப்பா வாயைத் திறக்காமலே சண்டையை முடிப்பார். சித்தி சமையலறையில் நின்று ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பாள். பதில் சொல்லப் பிடிக்கவில்லை என்றால், அவர் கட்டிலில் படுத்தபடியே கையை நீட்டிச் சமையலறை விளக்கை அணைத்துவிடுவார். இருட்டில் நின்றுகொண்டு யார் பேசுவது?

அந்த வீட்டில் எந்த அறையிலும் சுவிட்ச் கிடையாது. எல்லாச் சுவிட்சும் அவர் கட்டிலின் தலைமாட்டில், ஒரே பலகையில் இருந்தன. சரக்கு ரயில்கள் நிற்கும் தண்டவாளங்களுக்கு அப்பால், தெருவின் கடைசி வீடு. மின்கம்பம் அதுவரை வரவில்லை. சித்தப்பா தொலைபேசி நிலையத்தில் பேட்டரி அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூரையில் சோலார் பேனல், படுக்கையறையில் பெரிய பேட்டரிகள், பன்னிரண்டு வோல்ட் விளக்குகள் என்று வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே செய்துகொண்டார். வேலை சுத்தம்தான். ஒரு வயர் தொங்காது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி ஃபியூஸ். அந்தக் கைத்திறனைச் சித்தி ஒருநாளும் குறை சொன்னதில்லை.

அறைக்கு அறை ஏன் சுவிட்ச் வைக்கவில்லை என்று ஆரம்பத்திலேயே கேட்டிருக்கிறாள். இது குறைந்த வோல்ட், தூரம் போகப் போக வயரிலேயே வடிந்துவிடும், அதனால் சுவிட்ச் பேட்டரியை ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்றாராம். விஷயம் தெரிந்தவர் சொல்கிறார் என்று நம்பிவிட்டாள். அன்றிலிருந்து குளிக்கப் போனாலும் குரல் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். குளித்தது போதும் என்று அவருக்குத் தோன்றினால் சோப்பு நுரையோடு இருட்டில் நிற்க வேண்டியதுதான். சூரியனே வரம் கொடுத்தாலும் இந்தப் பூசாரி தரமாட்டார் என்று என் அம்மா சொல்லிச் சிரிப்பாள். கூடப் பிறந்த அக்காவின் அந்தச் சிரிப்பில் சித்தி ஒருநாளும் சேர்ந்துகொண்டதில்லை.

சித்திக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. பகல் முழுக்க ஆவி கக்கும் உருளைகளுக்குப் படுக்கை விரிப்புகளை நீட்டிக் கொடுத்துவிட்டு, பொழுது சாய வந்து அடுப்பை மூட்டுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். கூட வேலை செய்யும் பெண்ணொருத்தி, அன்றைய வேலைக்கு ஆள் வேண்டும் என்று சித்தியைக் கூப்பிடக் காலையில் வந்திருக்கிறாள். சித்தப்பா வாசலிலேயே நிறுத்தி, அவள் வரமாட்டாள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். சித்தியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாலையில் விஷயம் தெரிந்து, அதைத்தான் சித்தி சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரம். வாளியில் ஊற்றத் திரும்பினாள். விளக்கு போய்விட்டது.

பாத்திரம் விழுந்த சத்தம்தான் கேட்டது. இடது பாதம் முழுக்க வெந்துவிட்டது.

"தெரியாம கை பட்டுடுச்சு" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. பிறகு விளக்கு வந்தது.

மறுநாள் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பும்போது, வண்டி பேட்டரிகள் விற்கும் கடைக்குள் சித்தி நுழைந்தாள். சமையலறையில் ஒரு சுவிட்ச் வைக்க முடியுமா, வைத்தால் வோல்ட் குறைந்து விளக்கு மங்கிப்போகுமா என்று கேட்டாள். கடைக்காரர் ஏதோ ஒரு பேட்டரியின் துருவைச் சுரண்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"வயரு எப்படியும் லைட்டு வரைக்கும் போய்த்தானே ஆகணும்? சுவிட்ச் இந்த முனையில இருந்தா என்ன, அந்த முனையில இருந்தா என்ன? எல்லாம் ஒண்ணுதாம்மா."

சித்தி மறுபடியும் கேட்டாள். அவர் மறுபடியும் அதையே சொன்னார். அவள் முகத்தில் ரத்தம் ஏறியதை நான் பார்த்தேன். சுவிட்சும் வயரை இணைக்கும் திருகுக் கட்டைகளும் வாங்கி, பூட்டும் விதத்தையும் கேட்டுக்கொண்டு தெருவில் இறங்கினோம். வெந்த காலையே தரையில் ஓங்கி ஊன்றி நடந்தாள்.

"அவருக்குத் தெரியாதா? பேட்டரியோடயே காலம் தள்ளின மனுஷன். தெரிஞ்சேதான் சொல்லியிருக்கார்டி. நான் ஒரு மடச்சி, நம்பிட்டு இருட்டுல நின்னிருக்கேன்."

காலில் பட்ட தண்ணீரைவிட அதுதான் அவளை அதிகம் சுட்டது.

சித்தப்பா ஓய்வூதியம் வாங்கப் போன காலையில் சித்தி ஸ்டூலில் ஏறினாள். நான் பிடித்துக்கொண்டேன். முதலில் சமையலறை ஃபியூஸைப் பிடுங்கினாள். கதவுக்கு மேலே ஓடும் சிவப்பு வயரை, அதாவது பிளஸ் வயரை, வெட்டி, இரண்டு முனைகளிலும் வயர் சேர்த்துக் கையெட்டும் உயரத்துக்கு இறக்கிச் சுவிட்சில் பூட்டினாள். வயர் சேர்ந்த இடங்களை வெறுங்கையால் முறுக்கித்தான் விட்டிருந்தாள். ஃபியூஸைப் போட்டதும் விளக்கு கண் சிமிட்டியது. முறுக்கிய இடம் விரலைச் சுட்டது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஃபியூஸை மறுபடி பிடுங்கி, முறுக்கைப் பிரித்து, திருகுக் கட்டைகளை வைத்து இறுக்கினாள். பிறகு தலைமாட்டுப் பலகையைத் திறந்து, அவருடைய சமையலறைச் சுவிட்சில் இருந்த இரண்டு வயர்களையும் கழற்றி, ஒன்றோடொன்று சேர்த்துப் பூட்டி, பலகையை மூடினாள். இனி அந்தச் சுவிட்சைத் தட்டினாலும் தட்டாவிட்டாலும் ஒன்றுதான்.

அன்று மாலை அடுப்படியில் நின்று, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். வீடு தேடி வந்தவளை ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்றாள். படுக்கையறையில் 'டக்' என்றது. விளக்கு எரிந்தது. மறுபடி டக், டக். விளக்கு எரிந்தது. சித்தி நிறுத்தவே இல்லை. விளக்கு அணைந்து அணைந்து பாதியில் செத்துப்போன பேச்சையெல்லாம் அன்று கொட்டித் தீர்த்தாள்.

சித்தப்பா எழுந்து வந்தார். சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்தார். திரும்பிப் போய்ச் சமையலறை ஃபியூஸைப் பிடுங்கினார். இருட்டு. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். சித்தி ஸ்குரூடிரைவரைத் தடவி எடுத்துக்கொண்டு அவர் அறை வாசலில் போய் நின்றாள்.

"அதை இருந்த இடத்துல போடுங்க. இல்லன்னா பேட்டரி வயரையே கழட்டிடுவேன். எனக்கு இருட்டு பழக்கம். உங்களுக்கு ஃபேன் இல்லாம தூக்கம் வராது."

"உனக்கு என்ன தெரியும் இதைப் பத்தி?"

"கழட்டத் தெரியும்."

பலகையில் ஃபியூஸைச் செருகும் சத்தம் கேட்டது. பிறகு சமையலறையில் வெளிச்சம் வந்தது.

அடுத்த சில வாரங்களில் சித்தி எல்லா அறைக்கும் சுவிட்ச் வைத்தாள். சித்தப்பா தடுக்கவில்லை, உதவவும் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. சித்தியும் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்குப் போகிறாள். போவதைச் சொல்லிவிட்டுப் போகிறாள், கேட்டுவிட்டு அல்ல. நடந்தது நடந்துபோச்சு, வயசான காலத்தில் மறந்துவிடு என்று என் அம்மா ஒருமுறை சொல்லப்போய், எண்ணெயில் விழுந்த கடுகாகச் சித்தி வெடித்ததில் இரண்டு மாதம் அக்கா தங்கைக்குள் பேச்சு இல்லை.

கடைசியாக மாற்றியது அவர் படுக்கையறை விளக்கை. அதன் சுவிட்ச் இப்போது கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. படுத்த பிறகு அணைக்க வேண்டுமானால் சித்தப்பா எழுந்து நடக்க வேண்டும். இதையாவது விட்டுவைத்திருக்கலாமே, வேண்டுமென்றேதானே செய்தாய் என்று கேட்டேன்.

"எல்லார் வீட்லயும் கதவுகிட்டதானடி இருக்கு" என்றாள் சித்தி.