பெரியப்பா பெட்டியில் இருந்த பட்டியல்

நோயாளிகள் மேல் இரக்கப்பட்டு நான் நர்ஸ் படிப்புக்குப் போகவில்லை. பெரியப்பா வீட்டை விட்டு வெளியேற வேண்டும், அவ்வளவுதான். அரசாங்க நர்ஸ் பள்ளியில் இடம் கிடைத்தால் மூன்று வருடம் விடுதி. முடித்ததும் வெள்ளைச் சட்டை, இடுப்பில் சிவப்புத் தமீன், ஆஸ்பத்திரி வேலை. ரங்கூனில் ஒரு தமிழ்ப்பெண் தன் காலில் நிற்க எனக்குத் தெரிந்து வேறு வழி இருக்கவில்லை.

நகரின் தின்கன்ஜூன் பேட்டையில் ஒரு மரவீட்டில் பெரியப்பா, அப்பா, நான் என்று மூன்று பேர். பெரியம்மாவும் அம்மாவும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு மார்க்கெட்டில் மளிகைக் கடை. அப்பா அதே கடையில் நிறுத்துக் கட்டிக் கொடுப்பார். அண்ணன் சொல்லுக்கு மறுசொல் சொன்னதே இல்லை என்று ஊரில் அப்பாவைப் புகழ்வார்கள். எனக்கு அந்தப் புகழைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

பத்தாவது தேறியதும் எனக்கு முன்னால் மூன்று பள்ளிகள் இருந்தன. முதலாவது நர்ஸ் பட்டப்படிப்பு, அதற்கு என் மார்க் எட்டவில்லை. அதோடு அதை விட்டுவிட்டேன். இரண்டாவது, நான் சொன்ன மூன்று வருட அரசாங்கப் படிப்பு. மார்க் போதும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது என்பது ஒரு விதி. மூன்றாவது டவுனில் ஒரு பல் டாக்டர் கடைக்கு மேல் மாடியில் நடந்த ஆறு மாதத் தனியார் வகுப்பு. பெரியப்பாவே என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். இரண்டு அறை, ஒரு கை இல்லாத பிளாஸ்டிக் பொம்மை, சுவரில் எலும்புக்கூட்டுப் படம். பெரியப்பாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அவருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் தெருமுனைக் கம்பவுண்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவான். வகுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் பெரியப்பா எனக்குத் தீர்ப்புச் சொன்னார்.

"ஆறு மாசம் போதும். எனக்கு ஊசி போடக் கத்துக்கிட்டாச் சரி. அதுக்கு மேல படிச்சு ராத்திரி டூட்டி பாக்குற பொண்ண எவன் கட்டுவான்?"

அரசாங்கப் பள்ளி விண்ணப்பத்தை நானே போய் வாங்கி வந்தேன். அதோடு குடும்பப் பட்டியலின் நகலைச் சேர்க்க வேண்டும், அசலையும் காட்ட வேண்டும். ஒரு வீட்டில் வசிக்கும் அத்தனை பேரின் பெயரும் அந்தத் தாளில் இருக்கும். வீட்டுத் தலைவர்தான் அதை வைத்திருப்பார். எங்களுடையது பெரியப்பாவின் இரும்புப் பெட்டியில் இருந்தது. கேட்டேன். தொலைந்துவிட்டது என்றார். என் கண்ணைப் பார்த்தே சொன்னார். அப்பாவிடம் போய் நின்றேன். "பெரியப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சட்டைப் பொத்தானைத் திருகினார். அன்றைக்கு அவர்கள் இருவரில் யாரை அதிகம் வெறுத்தேன் என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளும் வந்தது. அன்று காலையில் மோல்மீனிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்து இறங்கினார்கள். தங்கள் மகனுக்கு என்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பதைக் காப்பி கொடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். கல்யாணம் ஆனவளுக்குப் பள்ளியில் இடமில்லை. பெரியப்பா நன்றாகவே கணக்குப் போட்டிருந்தார்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டார். இங்கே வெளியூர்க்காரர் ஒரு ராத்திரி வீட்டில் தங்கினாலும் இருட்டுவதற்குள் வார்டு ஆபீசில் பதிய வேண்டும். இதை நாங்கள் தமிழ் பேசும்போதும் பர்மியச் சொல்லால் ஏசாயின் கட்டுவது என்றுதான் சொல்வோம். பதியாமல் சோதனைக்கு வந்து பிடித்தால் வீட்டுக்காரருக்கும் வம்பு, விருந்தாளிக்கும் வம்பு. பதியப் போகும்போது குடும்பப் பட்டியலைக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் பர்மிய மொழி நன்றாகப் பேசுகிறவள் நான் என்பதால் வார்டு ஆபீஸ் வேலை எப்போதும் என் தலையில்தான். சம்பந்திகளை உபசரிக்கிற சந்தோஷத்தில் பெரியப்பா பெட்டியைத் திறந்தார், தொலைந்துபோன பட்டியலை எடுத்தார், விருந்தாளிகளின் அடையாள அட்டைகளோடு என் கையில் கொடுத்தார்.

"சுருக்காப் போயிட்டு வா" என்றார். அவர் முகத்தில் ஒரு சின்னக் கூச்சம்கூட இல்லை.

வார்டு ஆபீசில் கிளார்க் டீ குடிக்கப் போயிருந்தார். அங்கே கொடுத்தால் பட்டியலைச் சாயங்காலம் வரைக்கும் வைத்துக்கொள்வார்கள். ஐந்து நிமிடம் வாசலில் நின்றேன். பிறகு ரோட்டைத் தாண்டி டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நகல் எடுத்தேன், அசலைக் காட்டினேன், விண்ணப்பத்தைக் கொடுத்தேன். வாங்கியவர் முத்திரை குத்தி ரசீது தந்தபோது மணி மூன்று. உடனே கிளம்பியிருந்தால் ஏசாயினும் கட்டியிருக்கலாம். கிளம்பவில்லை. மொஹிங்கா நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். வேண்டுமென்றேதான்.

நான் வீடு வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள், வார்டு ஆபீஸ் பூட்டியாகிவிட்டது. பதிந்த சீட்டு எங்கே என்று பெரியப்பா கேட்டார். பதியவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். எங்கே போயிருந்தேன் என்பதையும் சொன்னேன். மோல்மீன்காரர் ஏற்கெனவே ஒருமுறை இப்படி மாட்டி இரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தவராம். அவர் அட்டைகளைப் பறித்துக்கொண்டு தன் பெட்டியைத் தூக்கினார். ரங்கூனிலேயே இன்சீனில் தன் சித்தப்பா வீட்டுக் குடும்பப் பட்டியலில் தங்கள் பெயர் இன்னும் இருக்கிறது, அங்கே பதியாமல் தங்கலாம், போய்விடுகிறோம் என்றார். அந்த அம்மாள் போகிறபோது என்னை ஏற இறங்கப் பார்த்து, நல்லவேளை என்றாள்.

பெரியப்பா என்னை அடிக்கவில்லை. அப்பாவைத்தான் அடித்தார், கன்னத்தில், ஒரு முறை. அப்பா அதையும் வாங்கிக்கொண்டார்.

பள்ளியில் இடம் கிடைத்தது. விடுதிக்குப் போன வாரமே பெரியப்பா வார்டு ஆபீசுக்குப் போய்ப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார். விடுதிப் பதிவேட்டில் என் பெயர் இருந்தது, வீட்டுப் பட்டியலில் இல்லை. அப்பாவைப் பார்க்க ஒரு ராத்திரி தங்க வேண்டுமென்றாலும் என்னை ஏசாயின் கட்ட வேண்டும். அதற்கு வீட்டுத் தலைவரே வர வேண்டும் என்று கிளார்க் சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் பதியாமல் போன கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. இது பெரியப்பாவுக்கு யோசனை வராத இடம். நான் மாதம் தவறாமல் வீட்டுக்குப் போனேன்; பதியாமல் தங்கினால் வம்பு அவருக்குத்தான். வலிக்கிற முட்டியோடு அவரை மாதம் தவறாமல் வார்டு ஆபீசுக்கு நடக்க வைத்தேன். என்ன உறவு என்று கிளார்க் ஒவ்வொரு தடவையும் கேட்பார். தம்பி மகள் என்று பெரியப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொல்வார்.

மூன்றாம் வருடம் ஒரு காலையில் கம்பவுண்டர் வரவில்லை. பெரியப்பா மருந்தையும் ஊசியையும் தட்டில் வைத்து என் முன்னால் நகர்த்தினார். நான் வீட்டை விட்டுப் போன பிறகு அவராக என்னிடம் பேசியது அன்றைக்குத்தான்.

"போட்டு விடு."

"நான் ஏசாயின்ல வந்தவ பெரியப்பா. விருந்தாளிய வேலை வாங்கலாமா?"

பெரியப்பா தானே வேட்டியை ஒதுக்கித் தொடையில் குத்திக்கொண்டார். ஊசியைச் சாய்த்துப் பிடித்திருந்தார், மருந்து பாதி வெளியே வழிந்தது. எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைக் கற்றுக்கொள்ளத்தான் அத்தனை சண்டை போட்டேன். கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கதவோரம் நின்ற அப்பா வந்து தட்டிலிருந்த பஞ்சை எடுத்தார். அண்ணன் தொடையைத் துடைத்துவிட்டு, முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நீயும் அவர மாதிரியே ஆயிட்ட."